ரப்பர் தவளையும் நாற்பதாம் நாள் விராலும்

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணி. சுபுஹு தொழுதுவிட்டு, பபேடானில் எங்கள் தெருமுனையிலேயே பஸ் ஏறினேன். கையில் மூடி போட்ட பழைய பெயிண்ட் வாளி. தோளில் நீளமான துணிப்பை, அதற்குள் தூண்டில் கம்பு. அக்டோபர் கடைசி வாரம். யாங்கோனில் மழை போவதா இருப்பதா என்று முடிவு செய்யாத நேரம். பஸ் கட்டணம் நானூறு கியாட். பதினெட்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் லைங் தாயாவில் இறங்கி, அங்கிருந்து பத்தெய்ன் சாலையில் இன்னும் ஒன்பது மைல் போக வேண்டும். நான் வேட்டைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

சிரிக்க வேண்டாம். வேட்டை என்ற பேச்சை ஆரம்பித்தது நான் இல்லை, என் சாச்சா மகன் பஷீர். அமெரிக்காவில் ஒரு கோழி ஆலையில் வேலை பார்க்கிறான். போன வருஷக் குளிரில் குடும்ப குரூப்பில் ஒரு படம் போட்டான்: வெள்ளை வால் மான் ஒன்று தரையில், பக்கத்தில் இவன் மண்டியிட்டபடி. அங்கே அரசாங்கக் காட்டில் வேட்டைச் சீட்டு வாங்கியவர் யாரும் சுடலாமாம். பழைய துப்பாக்கி, இரவல் கோட்டு, செலவே இல்லை காக்கா என்று அண்ணனான என்னிடம் ஒரே பீற்றல். ஹலாலா என்று என் வாப்பா கவலைப்பட்டார். "பிஸ்மி சொல்லித்தான் சுட்டேன் பெரிய வாப்பா" என்று பதில் வந்தது.

மான் நமக்குச் சரிப்படாது. இங்கே மானைச் சுட்டாலும் ஜெயில், துப்பாக்கி வைத்திருந்தாலும் ஜெயில். ஆனால் சாலையோரப் பொதுக் கால்வாயில் தூண்டில் போட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். நான் ஒரு இரும்புச் சாமான் கடையில் நட்டு, போல்ட்டு விற்கிறவன். பழைய கம்பும் ரீலும் இருபத்தெட்டாயிரம் கியாட், முள் பதித்த ரப்பர் தவளை நாலாயிரம். என் ஆயுதங்கள் அவ்வளவுதான்.

என் மனைவி நூருல் தலைப்பிள்ளை பெற்றிருக்கிறாள். நாளை நாற்பதாம் நாள். பிள்ளை பெற்றவளுக்கு விரால் ஆணம் உடம்பைத் தேற்றும் என்பதில் எங்களோடு இருக்கும் அவள் உம்மாவும் மேல்மாடி பர்மியப் பெண்மணியும் ஒரே கட்சி. (குழம்பை எங்கள் வீடுகளில் ஆணம் என்போம்.) நாற்பது அன்றைக்கு நானே பிடித்த விரால்தான் உனக்கு என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே வாயைவிட்டுவிட்டேன். போன மூன்று ஞாயிறும் வாளி காலி. மூன்றாவது ஞாயிறு அவமானம் தாங்காமல் வரும் வழியில் சந்தையில் ஒரு விரால் வாங்கி, நான் பிடித்தது என்று நூருலிடம் நீட்டினேன். கடைக்காரப் பெண் வழக்கம்போல் செதில் சீவி, வயிற்றைக் கீறி, துண்டு போட்டுக் கட்டியிருந்தாள். நான் பொட்டலத்தைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

நூருல் பிரித்தாள். "கால்வாய்லயே செதில் சீவித் தர்றாங்களாங்க?" என்றாள்.

சத்தம் போட்டிருந்தால் தேவலை. அந்த மீனை அவள் தொடவில்லை. "நாப்பதுக்குக் கோழி வாங்கிக்கலாம், ஒங்களுக்கு எதுக்கு அலைச்சல்" என்று மட்டும் சொன்னாள். என் பேச்சை அவள் கணக்கிலேயே எடுக்கவில்லை என்பது எனக்கு வலித்தது. இன்று விட்டால் இனி ஞாயிறு இல்லை.

ஆறு நாற்பது. பாலத்துச் சோதனைச் சாவடியில் பஸ் நின்றது. இளம் சிப்பாய் ஒருவன் ஏறி, என் நீளப் பையைத் தட்டிப் பார்த்தான். "துப்பாக்கியா?" என்று பர்மிய மொழியில் கேட்டான். பையைக் கவிழ்த்தேன். கம்போடு ரப்பர் தவளையும் அவன் பூட்ஸ் மேல் விழுந்தது.

"இதை வைத்து என்ன பிடித்திருக்கிறாய்?"

"இதுவரைக்கும் ஒன்றுமில்லை."

"அப்படியென்றால் ஆபத்தில்லை" என்று தவளையைத் திருப்பிக் கொடுத்தான். பஸ் முழுக்கச் சிரித்தது, நானும் சிரித்து வைத்தேன்.

ஏழு மணி, லைங் தாயா. தேநீர்க்கடையில் செல்வம் காத்திருந்தான். ரயில்வே வேலைக்கு வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பத்தின் பேரன். ஆடைத் தொழிற்சாலையில் தையல் மெஷின் பழுது பார்க்கிறான். கடைக்குத் திருகாணி வாங்க வந்து சிநேகிதமானவன். தூண்டில் விஷயத்தில் எனக்கு உஸ்தாத் அவன்தான். ஆளுக்கொரு தேநீர், மூவாயிரம் கியாட். அவன் மோட்டார் சைக்கிளுக்குப் பெட்ரோல் என் செலவு, ஐயாயிரம்.

எட்டு மணிக்குக் கால்வாய்க்கரை. இருபது அடி அகலம், இரு ஓரமும் ஆகாயத்தாமரை. ஓரிடத்தில் குறுக்கே ஒற்றைப் பலகை கிடந்தது. பலகைக்கு அந்தப் பக்கம் ஒரு முதலாளி ஏலம் எடுத்த தண்ணீர். இந்தப் பக்கம் எல்லாருக்கும் பொது. அதாவது எல்லாரும் ஏற்கெனவே பிடித்து முடித்தது. பலகையில் முதலாளியின் காவல்காரர் ஊ டின் வெற்றிலை மென்றுகொண்டு, காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு இன்றைக்கு நான்தான் பொழுதுபோக்கு.

செல்வம் பழைய பாடத்தை மறுபடி சொன்னான். "தவளய தாமர ஓரமா தத்தித் தத்தி இழுங்க. மேல வந்து டப்புன்னு அடிக்கும். அப்ப சுண்டக் கூடாது பாய். அது வாயில வச்சுத் திரும்பணும். மூணு எண்ணிட்டு இழுங்க."

தெரியும். மூன்று ஞாயிறும் எனக்கு இதுதான் தெரிந்தது. ஒன்பது பத்துக்கு முதல் அடி விழுந்தது. தண்ணீர் பிளந்த சத்தத்தில் என் கை தானாகச் சுண்டியது. தவளை பறந்து வந்து என் மார்பிலேயே அடித்தது. பலகையில் ஊ டின் இருமி இருமிச் சிரித்தார். ஒன்பது ஐம்பதுக்கு இரண்டாவது அடி. எண்ணினேன், சத்தியமாக எண்ணினேன், ஆனால் ஒன்றும் மூன்றும் ஒரே மூச்சில் வந்துவிட்டன. தவளை பின்னாலிருந்த புதரில் போய்த் தொங்கியது.

"எண்ணத் தெரியாதா பாய்? கடையில போல்ட்ட எப்புடித்தான் எண்ணி விக்கிறீங்க?" என்றான் செல்வம், முள்ளை விடுவித்துக்கொண்டே.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. நாளைக்குக் கோழி ஆணத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கும் நூருலின் முகம் தெரிந்தது. அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள். அதுதான் பயம்.

பதினொன்றே கால். வெயில் ஏறிவிட்டது. பலகையிலிருந்து பத்தடி தள்ளி, தாமரைக்கு நடுவே ஒரு தட்டு அளவு திறந்த தண்ணீர். தவளை அதில் விழுந்தது. ஒருமுறைதான் தத்தியது. டப்!

அந்த நொடியில் எனக்கு எண்களே ஞாபகம் வரவில்லை. பஷீர் ஞாபகம் வந்தான். வாய் தானாகச் சொன்னது, சுருக்காமல், பள்ளியில் ஓதுகிற மாதிரி முழுசாக: பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம். சொல்கிறவரை கை அசையவில்லை. ஓதும்போது அவசரப்படக் கூடாது என்று சின்ன வயதில் அடித்துப் பழக்கிய கை அது. ரஹீம் முடியும்போது நூல் மெதுவாகப் பக்கவாட்டில் நகர்ந்தது. அப்போது சுண்டினேன்.

கம்பு வில்லாக வளைந்தது. விரால் ஆகாயத்தாமரையைக் கிழித்துக்கொண்டு பலகையை நோக்கி ஓடியது. ஊ டின் காலைத் தூக்கிக்கொண்டு பர்மிய மொழியில் கத்தினார்: "இந்தப் பக்கம் இழு! அந்தப் பக்கம் போனால் எங்கள் முதலாளி மீன்!" காவல்காரரே என் கட்சிக்கு வந்துவிட்டார். ரீல் கிறீச்சிட்டது, என் ஒரு செருப்பு சேற்றில் போயிற்று. கால் ஊன்றிக் கம்பை மேலே தூக்க, பலகைக்கு ஒரு முழம் இருக்கும்போது மீன் தலை திரும்பியது. செல்வம் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அதைக் கரைக்கு வாரிப் போட்டான்.

கறுத்த முதுகு, வெளுத்த வயிறு, முழங்கை நீளம். ஒரு வீசைக்கு, அதாவது ஒன்றரைக் கிலோவுக்கு, குறையாது என்றார் ஊ டின். நான் சேற்றில் குதித்தேன், செல்வத்தைக் கட்டிப்பிடித்தேன், ஊ டின்னின் வெற்றிலைக் கையைப் பிடித்துக் குலுக்கினேன். இந்த வயதில் இவ்வளவு சந்தோஷப்படலாமா என்று யோசிக்கவே இல்லை.

"மீனுக்குத்தான் பிஸ்மி வேணாமே பாய், சொல்லாட்டியும் ஹலால்தானே?" என்றான் செல்வம், லுங்கியைப் பிழிந்துகொண்டு.

"மீனுக்கு இல்லப்பா. எனக்கு."

பஷீரின் காடு எத்தனை மைலோ எனக்குத் தெரியாது. என்னுடையது இருபது அடி அகலம், அதிலும் பலகை வரைக்கும்தான். அங்கிருந்து கிளம்பும்போது எனக்கு ஒரு குறையும் தோன்றவில்லை.

மதியம் ஒன்றரை, திரும்பும் பஸ். வாளியில் தண்ணீரும் உயிரோடு விராலும். மீன் மூடியை முட்டும் சத்தம் கேட்டு, பக்கத்து இருக்கையில் தலையில் பூ வைத்திருந்த பர்மியப் பெண்மணி எட்டிப் பார்த்தார். இன்று தன் பிறந்தநாள் என்றார். ஏரியில் விட்டால் புண்ணியம், முப்பதாயிரம் தருகிறேன் என்றார். இங்கே மீனை வாங்கி விடுவது வழக்கம்தான், அவர் கேட்டதில் தப்பில்லை.

"பிள்ளை பெற்ற என் மனைவிக்கு அம்மா" என்றேன்.

"எத்தனை நாள்?"

"நாளையோடு நாற்பது."

பர்ஸை மூடிவிட்டார். "அப்படியென்றால் அவள் சாப்பிடட்டும். நான் வேறு மீன் விட்டுக்கொள்கிறேன்." இறங்கும்போது அவரே வாளியைப் பிடித்துக் கொடுத்தார்.

மூன்று மணி. மூன்றாவது மாடி. நூருல் பிள்ளையை மடியில் போட்டிருந்தாள். நான் வாளியை அவள் முன்னால் வைத்து மூடியைத் திறந்தேன். விரால் வாலை அடித்தது. சேற்றுத் தண்ணீர் அவள் முகத்தில். துடைத்துக்கொள்ளாமலே குனிந்து பார்த்தாள். ஒரு விரலால் முதுகைத் தடவினாள்.

"செதில் இருக்கு."

"இருக்கு."

"வாய்ல முள்ளு கிழிச்சிருக்கு." நிமிர்ந்து என் சேற்றுக் காலைப் பார்த்தாள். "ஒத்தச் செருப்போடயா வந்தீங்க?"

பதிலுக்குக் காத்திருக்காமல் தன் போனை எடுத்தாள். "வாளியத் தூக்கிப் புடிங்க, மொகம் தெரியணும்." படம் எடுத்துக் குடும்ப குரூப்பில் அவளே எழுதினாள்: பஷீர் தம்பி, இது ஒங்க காக்கா புடிச்சது.

பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். "உம்மா, நாளைக்குக் கோழி வாங்க வேணாம்."