பி.எம். எலெக்ட்ரானிக்ஸும் திருநீறு பூசிய கம்ப்யூட்டரும்

ஈப்போ சிலிபின் சாலையில் ஒரு சீனர் மளிகைக்கடைக்கு மேல்மாடியில் ‘பி.எம். எலெக்ட்ரானிக்ஸ்’ என்று ஒரு பலகை தொங்கியது. அந்த பி.எம். வேறு யாருமில்லை, மாயாண்டி மகன் பத்துமலைதான். பெற்றவர்கள் வைத்த பெயரை முழுசாகச் சொல்ல இப்படிக் கூசிய மனிதனை ஈப்போ அதற்கு முன் பார்த்திருக்காது. யார் கேட்டாலும், “பி.எம்.னு கூப்பிடுங்க, போதும்” என்பான். அப்பா தைப்பிங்கில் கவர்மெண்டு ஆபீஸ் கிராணியாக இருந்தவர் என்பான். மாயாண்டி தன் ஆயுளில் தைப்பிங்கைப் பார்த்தது ஒரே ஒரு தடவை, பல் பிடுங்கப் போனபோது.

சுங்கை சிப்புட் பக்கம் ஒன்பதாங்கட்டை ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய குடும்பம் அது. எழுபதாம் ஆண்டில், பதினேழு வயதில், பத்துமலை லயத்து வரிசை வீட்டை விட்டுக் கிளம்பி வந்து ஒரு சீனரிடம் ரேடியோ பழுது பார்க்கக் கற்றான். அடுத்து டெலிவிஷன் கற்றான். கெட்டிக்காரன்தான், அதில் சந்தேகம் இல்லை. கெட்டிக்காரத்தனத்தோடு திமிரும் சேர்ந்து வளர்ந்ததுதான் வினை. பிறகு தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். லயத்தைக் காலி செய்யச் சொன்னதும் வேறு வழியில்லாமல் அம்மா இருளாயியைக் கூட்டி வந்து வீட்டுப் பின்னறையில் வைத்தான். வெற்றிலை வாயும் தொங்கும் காதுமாக அவள் கடைப் பக்கம் வரக்கூடாது என்று உத்தரவு. அவளும் வரவில்லை.

கடைக்கு வருகிறவர்களில் தோட்டத்து ஆட்கள் என்று தெரிந்தால் அவன் முகம் தனியாகச் சுளிக்கும். ரேடியோவுக்குள் கரப்பான் செத்துக்கிடந்தால், “எஸ்டேட் ரேடியோ” என்று பக்கத்தில் நிற்பவருக்குக் காட்டிச் சிரிப்பான். சீனர் வீட்டு ரேடியோவிலும் கரப்பான் சாகத்தான் செய்தது. அதை அவன் சத்தமில்லாமல் ஊதித் தள்ளுவான்.

எண்பத்தாறாம் ஆண்டு, காசிவிஸ்வநாதன் நடத்திய தட்டச்சுப் பள்ளிக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. சிங்கப்பூரில் எவரோ பயன்படுத்திக் கழித்துவிட்ட பழைய மிஷின். திரை, விசைப்பலகை, உள்ளே இருக்கிற மூளை எல்லாம் ஒரே சாம்பல்நிறப் பெட்டியாக, ஒரு ஆள் கட்டிப்பிடித்துத் தூக்குகிற கனத்தில் இருந்தது. இருபது தட்டச்சு மிஷின்களுக்கு நடுவே அதை வைத்து, வாசலில் ‘கம்ப்யூட்டர் வகுப்பு’ என்று எழுதிப் போட்டுவிட்டார் காசிவிஸ்வநாதன். பொத்தான் எது, பூட்டு எது என்று அவருக்குத் தெரியாது. சொல்லிக்கொடுத்தவள் மங்களம். அவளும் தோட்டத்துப் பிள்ளை. கூட வந்த இங்கிலீஷ் புத்தகத்தை அகராதி வைத்துப் படித்துத் தானே கற்றுக்கொண்டாள். அவள் சம்பளத்தில்தான் சுங்கை சிப்புட்டில் ஒரு வீடு நடந்தது. படுக்கையில் கிடந்த அம்மாவும் படிக்கிற இரண்டு தங்கைகளும் அவளை நம்பி இருந்தார்கள்.

அந்த மிஷினுக்கு ஞாபகசக்தி குறைவு. கொஞ்சம் நீளமாக எழுதினால், இடமில்லை என்று நின்றுவிடும். அதைக் கூட்டித்தர ஜூன் மாதம் பத்துமலையைக் கூப்பிட்டார்கள். பெட்டியைத் திறந்து, பலகையில் காலியாக இருந்த பதினாறு சாக்கெட்டுகளில் பதினாறு ஐ.சி. பொருத்த வேண்டும். மரவட்டை மாதிரி இரண்டு பக்கமும் கால் உள்ள கறுப்புத் துண்டுகள் அவை. ஒவ்வொரு காலும் அதனதன் துளையில் இறங்க வேண்டும். குனிந்து பார்த்துப் பொறுமையாகச் செய்கிற வேலை.

பத்துமலை பொறுமையாகத்தான் ஆரம்பித்தான். வகுப்புப் பெண்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்க்க வந்ததும் அவனுக்குத் தலை நிமிர்ந்துவிட்டது.

“இதுக்கெல்லாம் மூளை வேணும்லா. பால் வாளி தூக்குற வேலை இல்ல இது” என்று அவர்கள் பக்கம் திரும்பிப் பேசிக்கொண்டே, கடைசி நாலைந்து ஐ.சி.யைப் பார்க்காமலே கட்டைவிரலால் அழுத்தினான்.

அந்தப் பெண்களில் பாதிப்பேர் வீட்டில் பால் வாளி இருந்தது. ஒருத்தியும் சிரிக்கவில்லை. மங்களம் மட்டும் அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். மிஷினைப் போட்டதும் ஓடியது. பத்துமலை போய்விட்டான்.

அக்டோபரில் ஆயுத பூசை வந்தது. வழக்கம்போல மங்களம் மிஷின்களையெல்லாம் துடைத்து, திருநீறு பூசி, சந்தனமும் குங்குமமும் வைத்தாள். கம்ப்யூட்டருக்கும் வைத்தாள். காற்றுப் போக மேலே வெட்டியிருந்த சந்துகளை ஒட்டி மூன்று பட்டை. ஒரு முழம் மல்லிகை. காசிவிஸ்வநாதன் முன்னால் நின்று கண்மூடிக் கும்பிட்டார், சூடத்தை ஒற்றிக்கொண்டார், சுண்டலையும் முதல் ஆளாக வாங்கினார். அடுத்த வாரம் நடு வகுப்பில் திரை முழுக்க எழுத்துகள் தாறுமாறாகச் சிதறி, மிஷின் நின்றது. அப்புறம் காலையில் கொஞ்ச நேரம் ஓடும், பதினோரு மணி ஆனால் அதே கூத்து. பணம் கட்டிய பிள்ளைகள் முணுமுணுத்தார்கள். காசிவிஸ்வநாதன் ஆள் அனுப்பினார்.

பத்துமலை வந்தான், மூடியைக் கழற்றினான். உள்ளே பலகை மேல் வெள்ளையாகத் திருநீறு படிந்திருந்தது. நடுவில் குங்குமம், ஓரத்தில் காய்ந்த மல்லிகை இதழ் ஒன்று. அவனுக்கு அது போதும். இதழை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து எல்லோருக்கும் காட்டினான்.

“பாருங்க சார். மிஷினா இது, மாரியம்மன் கோயிலா? இத எவன் சரி பண்ணுவான்? யாரு செஞ்ச வேலை இது?”

காசிவிஸ்வநாதனின் கண் மெதுவாக மங்களத்தின் பக்கம் போனது. சுண்டல் தின்ற வாய்க்கு அப்போது ஞாபகமே இல்லை.

மங்களம் மறைக்கவில்லை. “நான்தாண்ணே வச்சேன். ஆனா கோளாறு பூசைக்கு முந்தியே இருக்கு. ஜூலைலருந்தே மத்தியானத்துல ஒன்னு ரெண்டு எழுத்து மாறி மாறி வரும். நிறுத்திட்டுப் போட்டா சரியாயிடும். நீங்க ஐ.சி. போடறதுக்கு முந்தி அப்படி வந்ததே இல்லண்ணே.”

தன் வேலையில் ஒரு பெண் குறை சொல்கிறாள், அதுவும் தோட்டத்துப் பெண். பத்துமலைக்குக் காது சிவந்துவிட்டது.

“எஸ்டேட் புத்தி எங்க போகும் சார்? லயத்துல பொறந்தது மிஷினப் பார்த்தாலும் சாம்பல்தான் பூசும். இந்த மாதிரி ஆளுக்கிட்ட கம்ப்யூட்டரக் குடுத்தா இப்பிடித்தான் ஆகும்.”

மங்களம் மறுபடியும் அவனை அதே மாதிரி பார்த்தாள். ஏதோ சொல்ல வாய் எடுத்தாள். பின்னால் நின்ற பிள்ளைகளைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள். மாதக் கடைசியோடு அவள் நின்றுகொள்ளலாம் என்று காசிவிஸ்வநாதன் அன்று மாலையே சொல்லிவிட்டார். தான் கும்பிட்டது பற்றி எவரும் வாய் திறப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் அவருக்கு.

மிஷினைக் கடைக்குத் தூக்கிவந்த பத்துமலை, பிரஷ் வைத்து ஒவ்வொரு மூலையாகத் தட்டினான், ஸ்பிரிட் போட்டுத் துடைத்தான். திருநீறு போய்விட்டது. சுவிட்சைப் போட்டுவிட்டு மற்ற வேலையைப் பார்த்தான். இரண்டு மணி நேரம் ஓடிச் சூடேறியதும் எழுத்துகள் சிதறின. மறுநாளும் சிதறின. மூன்றாம் நாள், வேறு வழியில்லாமல், தான் போட்ட ஐ.சி.களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தான். பதினான்காவதில் ஒரு கால் துளைக்குள் இறங்காமல் வயிற்றுக்கு அடியில் மடங்கிக் கிடந்தது. குளிர்ச்சியாக இருக்கும்போது எப்படியோ உரசிக்கொண்டிருந்திருக்கிறது, சூடேறினால் விலகிவிடும். நாலு மாதமாகத் தாக்குப்பிடித்ததே அதிசயம். யாருடைய கட்டைவிரல் என்று அவன் யோசிக்க வேண்டியதில்லை.

நுனிக்குறடால் காலை நிமிர்த்தி, இந்தத் தடவை குனிந்து பார்த்து, பொருத்தினான். மிஷின் நாள் முழுக்க ஓடியது. வேர்வை பத்துமலைக்குத்தான் ஊற்றியது.

மாதக் கடைசி நாள் மிஷினைப் பள்ளிக்குக் கொண்டுபோய் இறக்கினான். மங்களம் தன் அகராதியையும் சாப்பாட்டு டப்பாவையும் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். காசிவிஸ்வநாதன் அவள் இருக்கும்போதே கேட்டார்.

“என்ன கோளாறு பி.எம்.?”

தப்பு என்னுடையது என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகிவிடும்? சொல்லியிருந்தால் அவள் பையிலிருந்து அகராதி திரும்ப மேசைக்கு வந்திருக்கும். பத்துமலை தொண்டையைச் செருமினான்.

“சாம்பல்தான் சார். சுத்தமா எடுத்துட்டேன்.”

மங்களம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். பிள்ளைகள் வெளியே நின்றார்கள், அறையில் அவர்கள் மூன்று பேர் மட்டும்தான். அவன் பக்கத்தில் வந்து, கோபம் எதுவும் இல்லாத குரலில் பேசினாள்.

“வாரேண்ணே. ஒங்கம்மா இருளாயி பெரியம்மாவ கேட்டதா சொல்லுங்க. எங்கம்மா நல்லம்மாளும் அவங்களும் ஒம்பதாங்கட்டைல ஒரே நெரைலதான் மரம் வெட்டுனாங்க. நீங்க சைக்கிள் பழகறப்ப நான் பின்னாலயே ஓடிவருவேன், ஒங்களுக்கு ஞாபகம் இருக்காது. நீங்க ஐ.சி. போட வந்தன்னைக்கே நீங்கதான்னு எனக்குத் தெரிஞ்சிச்சு. பிள்ளைங்க முன்னாடி சொன்னா ஒங்களுக்கு ஒரு மாதிரியா இருக்கும்னுதான் சொல்லல.”

அவள் படியிறங்கிப் போன சத்தம் கேட்டது. சுங்கை சிப்புட் பஸ் நான்கு மணிக்கு.

காசிவிஸ்வநாதன் பத்துமலையின் முகத்தைப் பார்த்தார். “ஒங்கம்மாவத் தெரியுங்குதே அந்தப் பொண்ணு?”

“யாரோன்னு நெனச்சிப் பேசுது சார்” என்றான் பத்துமலை. “எனக்கு அந்தப் பேர்ல யாரும் இல்ல.”

கம்ப்யூட்டரைக் காசிவிஸ்வநாதனே ஆவலாகத் தட்டிப் பார்த்தார். ஒரு எழுத்துகூடச் சிதறவில்லை.