கத்தரிக்கோல் இல்லாத வீடு

என் மருமகளைப் போல நேராகத் துணி வெட்டுகிற ஆளை நான் பார்த்ததில்லை. மாமியார் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தையா என்று சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். கல்யாணமாகி வந்த வாரமே தையல் மெஷினைக் கூடத்து ஜன்னலோரம் போட்டுவிட்டாள். பள்ளிக்கூடச் சீருடை, திரைச்சீலை, ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பு, எது வந்தாலும் தரையில் விரிப்பாள். சாக்கட்டியால் இரண்டு கோடு இழுப்பாள். பெரிய கத்தரிக்கோலை எடுத்து, தண்ணீரில் படகு போவதுபோல ஒரே மூச்சில் வெட்டிக்கொண்டு போவாள். நான் அடுப்பில் இருப்பதை மறந்துவிட்டு வாசற்படியில் நின்று பார்ப்பேன்.

பேத்தி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்து, பேரன் மழலை பேசுகிற நாளில் அவளுக்கு நோய் வந்தது. சொல்லிக்கொண்டு வரவில்லை. முதலில், தைத்து முடித்த சட்டையைப் பிரித்தாள்.

"காலருக்குள்ள யாரோ பேசறாங்க அத்தை" என்றாள்.

வேலை அதிகம், தூக்கமில்லை என்று நினைத்துக்கொண்டேன். பிறகு மெஷின் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறது என்று நிறுத்தினாள். நிறுத்தினால் பேச்சு இன்னும் தெளிவாகக் கேட்கிறது என்று மறுபடி ஓட்டினாள். துணியே இருக்காது, வெறும் ஊசி ஏறி இறங்கும். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பேத்தி தெருமுனையில் நின்று காது கொடுப்பாள். மெஷின் சீராக ஓடினால் வீட்டுக்கு வருவாள். விட்டு விட்டு ஓடினால் பின்வாசல் வழியாக வந்து தம்பியைத் தூக்கிக்கொண்டு பஸ் டெப்போவுக்குப் போய்விடுவாள். என் மகன் பஸ் ஓட்டுகிறவன். அவன் வண்டி வரும்வரை இரண்டும் அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும். அவ்வளவு சின்னப் பிள்ளைக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தார்கள்? நாங்கள் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஒரு நாள் மத்தியானம் வீட்டுத் துணியை எல்லாம் கூடத்தில் குவித்து வெட்ட உட்கார்ந்தாள். போர்வை, பிள்ளைகளின் உடுப்பு, என் புடவை எதையும் விடவில்லை.

"பேசறவங்க இதுக்குள்ளதான் ஒளிஞ்சிருக்காங்க. பிள்ளைங்க போட்டுக்கறதுக்குள்ள வெளிய எடுத்துடறேன்" என்றாள். அந்த முகத்தில் கோபம் இல்லை. குழந்தையின் காலில் முள் எடுக்கும்போது தாய்க்கு இருக்குமே, அந்த முகம்தான் இருந்தது. அன்று வீட்டிலிருந்த மகன் குனிந்து அவள் கையைப் பிடித்தான். இழுபறியில் கத்தரிக்கோல் அவன் உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. ரத்தத்தைப் பார்த்ததும் அவள்தான் முதலில் எழுந்து ஓடி, துணியைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். கட்டி முடித்துவிட்டு மறுபடி வெட்ட உட்கார்ந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா மனச்சிதைவு என்று பெயர் சொன்னார். மாத்திரை விடாமல் சாப்பிட வேண்டும், யார் மேலும் குற்றமில்லை, பயப்படாதீர்கள் என்றார். "இப்போதைக்குக் கூர்மையான சாமான் எதுவும் கையில கிடைக்காம பாத்துக்குங்க" என்றும் சொன்னார்.

பார்த்துக்கொண்டேன். கத்தரிக்கோல், கத்தி, அரிவாள்மணை, பிளேடு, நகவெட்டி வரைக்கும் ஒரு பையில் கட்டி, தெருமுனை சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுகிறவரிடம் கொடுத்துவிட்டேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நூலைப் பல்லால் கடித்தோம். ரொட்டியைப் பிய்த்தோம். மகன் சலூனில் முகம் மழித்தான். பேத்தி பள்ளிக்கூடத்தில் பென்சில் சீவினாள். நான் தினமும் காய்கறிக் கூடையோடு சைக்கிள் கடைக்குப் போய், டியூபுக்கும் டயருக்கும் நடுவில் உட்கார்ந்து நறுக்கிக்கொண்டு வந்தேன்.

"அம்மா, உங்க வீட்டு வெங்காயத்துக்கு நான் உக்காந்து அழுதுட்டு இருக்கேன். பஞ்சர் ஒட்ட வர்றவங்க என் பொண்டாட்டி போயிட்டாளான்னு கேக்கறாங்க" என்பார் பஞ்சர்காரர்.

"அழுதா கண்ணுக்கு நல்லது. அந்தப் பம்பைத் தள்ளி வை" என்பேன்.

வெளியே சிரிப்பாகத்தான் இருந்தது. வீட்டுக்குள் என் மகன் விசில் அடிப்பதை விட்டுவிட்டான். நல்ல நீண்ட ரூட்டை விட்டுக்கொடுத்து, சாயங்காலத்துக்குள் திரும்புகிற ரூட்டை வாங்கிக்கொண்டான். பேரனும் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தான்; கூட்டாளிகளை வாசலோடு அனுப்பிவிடுவான். அம்மா என்ன செய்றாங்க என்று டீச்சர் கேட்டதற்கு, "தூங்குவாங்க" என்றானாம். அப்போது அதுவே உண்மை. மாத்திரை அவளைத் தூங்க வைத்தது, உடம்பைப் பெருக்க வைத்தது, விரலை நடுங்க வைத்தது. அவள் சிரித்தால் நாங்கள் நாலு பேரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்போம். மனுஷி ஒரு சிரிப்புச் சிரிக்க எங்களிடம் அனுமதி வாங்க வேண்டியிருந்தது.

என் மகள் வந்தாள். "பேசாம அவங்க அம்மா வீட்ல கொண்டு விட்டுட்டு, தம்பிய நிம்மதியா இருக்க விடு" என்றாள்.

"பஸ்ல குடைய மறந்துட்டு வர்ற மாதிரி மனுஷிய விட்டுட்டு வரச் சொல்றியாடி? போய்க் கை கழுவு, சாப்பிடலாம்" என்றேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மெல்ல மெல்லத் தேறினாள். 'தேறினாள்' என்று நான் ஒரே வார்த்தையில் சொல்கிறேன், அதற்குள் பேத்தி என் உயரத்தைத் தாண்டிவிட்டாள். சமையல் அவள் கைக்கு வந்தது. பேரனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். சும்மா இருக்கிற நேரத்தில் பழைய செய்தித்தாளை மடித்து, மடிப்பை நகத்தால் அழுத்தி, கிழிப்பாள். கிழித்ததை எடுத்துப் பார்த்தால் சட்டையின் முன்பாகம், பின்பாகம், கை, காலர். கத்தரிக்கோல் படாத காகிதம், ஓரம் இம்மியும் கோணியிருக்காது. நடுங்குகிற விரலுக்கு இது எங்கேயிருந்து வந்தது என்று நான் அந்தக் காலரை வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்திருக்கிறேன்.

டாக்டரம்மாவிடம் போனபோது, காய் நறுக்க சைக்கிள் கடைக்குப் போகிற கதையை மகன் சொல்லிவிட்டான். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"நான் இப்போதைக்குன்னுதான சொன்னேன். ஆயுசுக்கும்னு சொல்லலையேம்மா."

"இப்போதைக்கு முடிஞ்சுதுன்னும் நீங்க சொல்லலையே" என்றேன். நான் சொன்னதில் தப்பில்லை. பை சைக்கிள் கடையிலேயே இருந்தது.

அப்படியிருக்க, பேத்திக்கு மருந்துக்கடையில் வேலை கிடைத்தது. கடையில் கொடுத்த உடுப்புக்குள் இரண்டு பேத்தி போகலாம். அவள் அதைத் தையல்காரரிடம் எடுத்துப்போகாமல் நேரே அம்மா மடியில் போட்டாள்.

"பிரிச்சு, வெட்டித் தைச்சுக் கொடும்மா. திங்கக்கிழமை போட்டுட்டுப் போகணும்."

மருமகள் உடுப்பைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"கத்தரிக்கோல் வேணும் அத்தை."

"தையல்காரன் எதுக்கு இருக்கான்? கொடுத்து அனுப்பு" என்றேன்.

"என் பொண்ணு என்கிட்ட கொடுத்திருக்கா."

"முடியாது. அதை வாங்க நான் அந்தக் கடைக்குப் போகமாட்டேன், யாரையும் போகவும் விடமாட்டேன்."

பேத்திக்குக் கண் கலங்கிவிட்டது. மருமகள் கோபப்படுவாள் என்று பார்த்தேன். அவள் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு அத்தை. பயமில்லன்னு நான் சொன்னா நம்பாதீங்க."

"இன்னும் கேக்குதா?" என்றேன். அத்தனை வருஷத்தில் அதை நான் கேட்டதே இல்லை.

"கேக்குது. பக்கத்து வீட்டுல ரேடியோ வச்ச மாதிரி. சில நாள் சத்தமா, சில நாள் மெதுவா. ஆனா அது என் வீட்டு ரேடியோ இல்லன்னு இப்ப தெரியுது."

அந்த ரேடியோ பாடிக்கொண்டிருக்கும்போதுதான் இவள் குழம்புக்கு உப்புப் பார்த்திருக்கிறாள். வகுத்தல் கணக்கு சொல்லியிருக்கிறாள். என் முழங்காலுக்குத் தைலம் தேய்த்திருக்கிறாள். ஒரு கொசு காதில் பாடினால் நான் வீட்டையே இரண்டாக்குவேன். இவள் இத்தனை பேரைத் தலைக்குள் வைத்துக்கொண்டு, எங்கள் மேல் ஒரு வார்த்தை சிந்தாமல் நடந்திருக்கிறாள். கடலைப் பார்த்தால் வாய் அடைக்கும் என்பார்கள். எனக்கு என் மருமகளைப் பார்த்து அடைத்தது.

நான் போகமாட்டேன் என்றுதான் சொன்னேன், போகவும் இல்லை. மகன் போய்ப் பையை வாங்கி வந்தான். பஞ்சர்காரர் கத்தரிக்கோலுக்கு எண்ணெய் போட்டே வைத்திருந்தார்.

துணியைத் தரையில் விரித்தாள். நாங்கள் நாலு பேரும் சுற்றி உட்கார்ந்தோம். கோடு இழுத்தாள், வெட்ட ஆரம்பித்தாள். பாதியில் கை நின்றது. அவள் கத்தரிக்கோலைத் தரையில் வைத்துவிட்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்தாள்.

"கொஞ்சம் இருங்க. அவங்க பேசி முடிக்கட்டும்."

நாங்கள் இருந்தோம். தெருவில் ஒரு வண்டி போனது. யாருக்கும் கேட்காததை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள், விருந்தாளி கிளம்பக் காத்திருக்கிற மரியாதையோடு. பிறகு மறுபடி எடுத்து, விட்ட இடத்திலிருந்து கடைசிவரை வெட்டினாள். இணைப்பு எங்கே என்று நான் பிறகு தேடினேன். தெரியவில்லை.

வெட்டி முடித்ததும் கத்தரிக்கோலை மகனிடம் நீட்டினாள்.

"இது இனிமே வீட்லயே இருக்கட்டும். எனக்கு மறுபடி கெட்டுப்போனா, எனக்குக் கடைசியாத்தான் தெரியும். உங்களுக்கு முதல்ல தெரியும். அப்ப எடுத்துடுங்க. என்கிட்ட கேக்காதீங்க. நான் அழுதாலும் கொடுக்காதீங்க. இப்ப நல்லா இருக்கும்போதே சொல்லிட்டேன்."

மகன் வாங்கி, மெஷின் பக்கத்து ஆணியில் மாட்டினான். நான் பேசவில்லை. எனக்கு அது அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை.

இப்போதும் காலையில் எழுந்ததும் ஆணியைத்தான் பார்க்கிறேன். அவள் அதைக் கவனித்துவிட்டாள்.

"அத்தை, முதல்ல என் மூஞ்சியப் பாருங்க. அப்புறம் ஆணியப் பாருங்க" என்கிறாள்.

சரி என்று நான் சொல்லவில்லை. யோசிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.