திரை இல்லாத இசை

ஒத்திகைக் கூடத்தின் வெள்ளைச் சுவரைப் பார்த்தபடி மாஸ்டர் கையசைத்துக்கொண்டிருந்த அந்தக் காலைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. வாழ்நாள் முழுவதும் சினிமாவுக்குப் பின்னணி இசை அமைத்தவர். எதிரே படம் ஓட, அழுகைக்கும் துரத்தலுக்கும் அளவெடுத்து இசை தைத்துக் கொடுத்தவர். அவருடைய குழுவில் நான் வயலின் வாசித்துவந்தேன். அறுபதைக் கடந்தபின், யாரும் கேட்காமலேயே ஒரு கான்செர்ட்டோ எழுதினார். ஒற்றை வயலினும் முழு வாத்தியக் குழுவும் சேர்ந்து வாசிக்கும் நீண்ட இசை. அந்த ஒற்றை வயலின் என்னுடையது.

எழுதத் தொடங்கியதிலிருந்தே அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆரியசாலையில் எங்கள் வீட்டுக்கு வந்து, காபி ஆறுவது தெரியாமல் கூடத்துக்கும் வாசலுக்கும் நடப்பார். மலையாளம் கலந்த தமிழில், "இங்க யார் அழறா, யார் ஓடறான்னு எனக்கே தெரியலை, மோளே. படம் இல்லாம ஆளுங்க எதைப் பார்ப்பாங்க?" என்பார். நேற்றுச் சேர்த்ததை இன்று அடித்துவிடுவார். அந்தத் தவிப்பு எனக்கும் தொற்றியது. சமைக்கும்போதுகூட என் விரல்கள் கரண்டிக் காம்பில் ஸ்வரம் தேடின.

கச்சேரியன்று அரங்கு நிறைந்திருந்தது. எல்லாரும் அவருடைய பாட்டுகளை நினைத்து வந்தவர்கள். முதல் பாகத்துக்குக் கைதட்டினார்கள். இரண்டாவது, மிக மெல்ல நகர்வது. இருமல்கள் கேட்டன. பின்வரிசையிலிருந்து ஒருவர் மாஸ்டரை நோக்கி, "மாஷே, ஒரு பாட்டு!" என்று கத்தினார். சிரிப்பு எழுந்தது. சிலர் எழுந்து நடந்தார்கள். மாஸ்டரின் கை அந்தரத்தில் நின்றது, குழுவும் நின்றுவிட்டது.

நான் நிறுத்தவில்லை. தைரியம் இல்லை அது. நிறுத்தினால் அந்த இசை இனி எழவே எழாது என்ற பயம். மாஸ்டர் திரும்பி என் வில்லையே பார்த்தார். பிறகு மெல்லக் கையை உயர்த்தினார். குழு வந்து சேர்ந்துகொண்டது. முடித்தபோது பாதி நாற்காலிகள் காலி.

திரும்பும்போது காரில், ஆறுதல் சொல்ல வார்த்தை தேடினேன். அவர் சிரித்தார்.

"இத்தனை படத்துல என் இசைக்கு நடுவுல ஒருத்தரும் எழுந்து போனதில்லை. ஏன்னா, ஒருத்தரும் அதைக் கேட்கலை. இன்னைக்குக் கேட்டுட்டுத்தானே போனாங்க?"

மறுநாள் காலை எங்கள் வாசலில் நின்றார். "பாட்டு கேட்ட ஆள் சரியான இடத்துலதான் கத்தினான், மோளே. அங்க கொஞ்சம் நீளம்தான்."

அதன்பின் உயிரோடு இருந்தவரை அந்த இடத்தை மாற்றிக்கொண்டேயிருந்தார். அவர் கடைசியாக மாற்றியதைத்தான் இப்போது வாசிக்கிறேன். அதுவும் முடிந்துவிட்டதாகத் தோன்றவில்லை. அந்த இடம் நெருங்கும்போது, யாராவது கத்திவிட மாட்டார்களா என்று என் காது பின்வரிசைக்குப் போய்விடுகிறது.