வாடிக்குப் போகாத அம்மா

பிள்ளைகளே, உங்கள் பெரியக்கா கல்லூரியில் சேர்ந்த கதையை அவளிடம் கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவாள். அதனால் நான் எழுதுகிறேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்புவரைதான். பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள்.

சோளகக் காற்றுத் தொடங்கினால் எங்கள் கரையில் மீன் படாது. வருடந்தோறும் வலை, சட்டி பானை, பிள்ளை குட்டி எல்லாவற்றையும் லொறியில் ஏற்றிக்கொண்டு முல்லைத்தீவுப் பக்கம் போய், கடற்கரையில் கிடுகுக் கொட்டில் போட்டு, காற்று மாறும்வரை அங்கேயே இருந்து தொழில் செய்வோம். அந்தக் கொட்டில்தான் வாடி. எங்கள் ஒழுங்கையில் ஒரு வீடு மிஞ்சாமல் பூட்டிக் கிடக்கும். வாடியில் முதல் அடுப்பை மூட்டுவது சம்மாட்டியின் மனைவி. வேறு கை மூட்டிய அடுப்பில் வெந்த சோற்றைத் தின்றுவிட்டு எவனும் வலை தூக்கமாட்டான். வள்ளமும் வலையும் என்னுடையவை, சம்மாட்டி நான் என்பதால் அது உங்கள் அம்மாவின் வேலை.

அந்த வருடம் அக்கா பத்தாம் வகுப்புச் சோதனையில் நல்ல பெறுபேறு எடுத்திருந்தாள். டொக்டருக்குப் படிக்க ஆசை. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அதற்கு மேல் வகுப்பில்லை. விடுதி உள்ள கல்லூரி கிடைத்தால் அவளை விட்டுவிட்டுப் போகலாம். கிடைக்காவிட்டால் அவளும் லொறியில் ஏற வேண்டியதுதான். ஆளில்லாத ஒழுங்கையில் குமர்ப்பிள்ளையைத் தனியே விடுவதெப்படி? முடிவு பிந்தி வந்தது. மறுநாள் லொறி. எங்களுக்கு இருந்தது ஒரு பகல்.

அம்மாவின் தம்பி, உங்கள் மாமா, வாடகைக்கு ஓடும் தன் பழைய காரைக் கொண்டுவந்தார். முன்னுக்கு நானும் அவரும். பின்னுக்கு அம்மா, அக்கா, அம்மாவின் மடியிலும் காலடியிலும் நீங்கள்.

முதல் கல்லூரி காங்கேசன்துறைப் பக்கம், வீட்டுக்குக் கிட்ட. அதிபர் அம்மா நல்ல மனுசி. "பிள்ளை கெட்டிக்காரி. வகுப்பிலை இடம் தாறன். விடுதியிலைதான் பாய் விரிக்கவும் இடமில்லை. வீட்டிலையிருந்து வந்து போறதெண்டால் இண்டைக்குப் பின்னேரம் பூட்ட முன்னம் வந்து பதியுங்கோ" என்றார்.

"வீட்டிலை ஒருத்தரும் இருக்கமாட்டினம் ரீச்சர்" என்றேன்.

"அப்ப நான் என்ன செய்யிறது, சொல்லுங்கோ?"

கரையோர வீதியால் கிழக்கே போனோம். இடப்பக்கம் கடல். சோளகத்துக்கு அது குளம்போலக் கிடந்தது, வெறுங்கடல். என் முகத்தைப் பார்த்துவிட்டு மாமா, "என்ன அத்தான், வள்ளம் கவிண்ட ஆள் மாதிரி இருக்கிறியள்? இன்னும் ரண்டு பள்ளிக்கூடம் கிடக்கு" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை.

தொண்டைமானாறு தாண்டி இரண்டாவது கல்லூரி. அங்கே அதிபர் அக்காவின் பத்திரங்களைப் பார்த்தபடி கேட்டார். "ஒவ்வொரு வருசமும் அரைவாசி நாள் பள்ளிக்கூடம் வரேல்லை. எங்கை போனது?"

"வாடிக்கு ஐயா" என்றாள் அக்கா.

"அங்கை பள்ளிக்கூடம் இல்லையோ?"

"இல்லை ஐயா. கடல்தான்."

பக்கத்திலிருந்த வாத்தியார் ஒருவர் சிரித்தார். "மீன் அறுக்கிற கைக்குத் தவளை அறுக்கிறது லேசுதானே!"

அக்கா தன் கைகளைப் பாவாடை மடிப்புக்குள் ஒளித்துக்கொண்டாள். வாடியில் கருவாடு காயப்போட்டுவிட்டு, பெற்றோல்மக்ஸ் வெளிச்சத்தில் தானே படித்துப் பாசான பிள்ளை அவள். "பிறகு பாப்பம்" என்றார் அதிபர். எங்களுக்கு ஏது பிறகு?

பருத்தித்துறையில் மூன்றாவது. வகுப்பும் நிரம்பிவிட்டது, விடுதியும் நிரம்பிவிட்டது என்று வாசலில் நின்ற ஆளே சொல்லி அனுப்பிவிட்டார். நான் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே பிள்ளைகள் ஏதோ பாடம் பாடமாக்கும் சத்தம் கேட்டது. "ஐயா, ஆக்கள் பாக்கினம், வாங்கோ" என்று அக்காதான் என் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள்.

திரும்பி வரும்போது தொண்டைமானாற்றுப் பாலத்தடியில் கார் கொதித்து நின்றது. மாமா தண்ணீர் அள்ளப் போனார். அம்மா கட்டிக்கொண்டு வந்த புட்டை அவிழ்த்தா. நீங்கள் மட்டும் சாப்பிட்டீர்கள். அம்மா சந்நிதிக் கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டுவிட்டு அப்படியே நின்றா.

"ஐயா, நான் வாடிக்கே வாறன்" என்றாள் அக்கா. "அம்மாவுக்கும் உதவிதானே." அழவில்லை. அழுதிருந்தால் நான் ஏசியாவது இருப்பேன்.

மாமா தண்ணீரோடு வந்தார். அம்மா அவரிடம்தான் பேசினா, என்னிடமல்ல.

"தம்பி, காரை அந்த முதல் பள்ளிக்கூடத்துக்கு விடு. நான் வீட்டிலை நிக்கிறன்."

"என்னக்கா விசர்க்கதை? அடுப்பு ஆர் மூட்டுறது?"

"விடு எண்டால் விடு."

"ஆக்கள் வலை எடுக்கமாட்டாங்கள். வருசம் முழுக்க என்னத்தைத் தின்னுறது?" என்று கத்தினேன். பாலத்தில் தூண்டில் போட்டவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"பூட்டின ஒழுங்கையிலை இந்தக் குஞ்சு குருமனோடை நான் நிக்கப்போறன். எனக்குப் பயமில்லையெண்டோ நினைக்கிறியள்?" என்றா அம்மா. நான் போய்க் காரில் ஏறினேன்.

மாமா அந்தக் கார் ஓடாத ஓட்டம் ஓட்டினார். கல்லூரிக்குப் போனபோது அதிபர் அம்மா குடையும் கையுமாகத் தன் கந்தோர் அறைக் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் ஒன்றும் கேளாமல் பூட்டில் கிடந்த திறப்பை மறுபக்கம் திருப்பினார்.

மறுநாள் விடிய அம்மா எங்கள் வீட்டு அடுப்பை மூட்டினா. அதிலிருந்து ஒரு ஈர்க்கில் நெருப்பெடுத்து அரிக்கன் லாம்பைக் கொளுத்தி என்னிடம் தந்தா. "அணைய விடாதேங்கோ. இதாலை மூட்டுங்கோ. நான் மூட்டினதாத்தான் இருக்கும்." அப்படி ஒரு வழக்கம் எங்களிடம் இருந்ததில்லை. அம்மா அந்த விடிகாலையில் உண்டாக்கியது.

லொறியில் எல்லாரும் வலைமேல் ஏறி இருந்தார்கள். நான் லாம்பை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் வைத்துச் சாரத்தால் மறைத்துக்கொண்டு குந்தியிருந்தேன். ஒவ்வொரு குழியிலும் சுடர் செத்துச் செத்துப் பிழைத்தது. ஆனையிறவு வெளியில் காற்று லொறியையே ஆட்டியது. அப்போது நான் வேண்டியது மீனையல்ல. இந்த லாம்பு நூர்ந்து அணைந்தால், நான் ஆள் விட்டு அம்மாவைக் கூப்பிட வேண்டிவரும். அக்காவின் படிப்பு அத்தோடு சரி.

வாடியில் மூன்று கல் வைத்து அந்த நெருப்பைப் போட்டபோது ஆட்கள் தள்ளியே நின்றார்கள். வயதில் மூத்த மண்டாடி, வள்ளத்தை நடத்துகிறவர், கிட்ட வந்து குனிந்து பார்த்தார்.

"உது ஆர் மூட்டின நெருப்பு?"

"அவ மூட்டினது, அண்ணை. வீட்டிலை."

அவர் கடலைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார். பிறகு ஒரு விறகை எடுத்து உள்ளே தள்ளினார்.

சோறு நான் வடித்தேன். அடிப்பிடித்து, நடுவில் வேகாமல், வாயில் வைக்க முடியாது. "சம்மாட்டி, இதைத் திண்டால் மீனே எங்களைப் பாத்து இரங்கும்" என்றான் ஒருவன். என்றாலும் ஒருவரும் மிச்சம் வைக்கவில்லை. சோற்றுக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஒருவர் பின் ஒருவராக வலையடிக்குப் போனார்கள்.