சாம்பலில் ஒரு பாதம்

ஓனா கனீலி எங்கள் கரையின் கடைசி வீட்டுக்காரி. அவளைக் குளிப்பாட்டுவது, காலுக்குக் கட்டுப் போடுவது, கஞ்சி கொடுப்பதெல்லாம் என் வேலை. அவளுடைய ஒரே மகன் ரூரி நண்டு பிடிக்கப் போய்த் திரும்பவில்லை. படகு கிடைத்தது, உடல் கிடைக்கவில்லை. அதனால் அவனுக்கு இறந்தோர் பூசை வைக்க அவள் சம்மதிக்கவில்லை.

அக்டோபர் கடைசி ராத்திரியில் டவுன் பிள்ளைகள் முகமூடி போட்டு மிட்டாய் கேட்பார்கள். அவர்களுக்கு அது ஹாலோவீன். ஓனாவுக்கு அது சௌவின், செத்தவர்கள் வீட்டுக்கு வரும் ராத்திரி. அடுப்புச் சாம்பலைச் சமமாகப் பரப்பிவிட்டுப் படுப்பாள். விடியும்போது பாதம் பதிந்திருந்தால் ஆள் செத்துவிட்டான் என்று அர்த்தம். வருடாவருடம் சாம்பல் கலையாமல் கிடந்தது. ஆகவே ரூரி எங்கோ உயிரோடு இருந்தான்.

கிறிஸ்து வருவதற்கு முந்திய அஞ்ஞானப் பழக்கம் இது என்று ஃபாதர் டெவேன் ஒருமுறை கடிந்துகொண்டார். "செத்தவங்களுக்குன்னு நீங்க கும்பிடுற ஆத்துமாக்கள் திருநாள் மட்டும் எங்கேருந்து வந்துச்சாம், ஃபாதர்? அதே ராத்திரிக்குப் பக்கத்துலதான வெச்சிருக்கீங்க" என்றாள். அவர் டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

இந்த வருடம் டாக்டர் அவள் இதயம் இனி அதிக நாள் தாங்காது என்றார். நான்தான் அவளிடம் சொன்னேன். சரி என்றாள், டீ கேட்டாள்.

சௌவினுக்கு மறுநாள் காலை உள்ளே போனேன். சாம்பல் நடுவில் ஒரு பாதம். பெருவிரல் கோணல். ஓனா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், வலது கால் சாம்பல் பூசிக் கிடந்தது. வெந்நீர்ப் பாத்திரத்தைக் கொண்டுவந்து வைத்தேன்.

"தணல் இருந்திருந்தா வெந்து போயிருக்குமே" என்றேன்.

"ஆறவெச்சுட்டுத்தான் மிதிச்சேன். நான் என்ன மக்கா?"

"எதுக்கு இந்த வேலை?"

"நான் போயிட்டா அவனுக்கு யாருடி பூசை வெப்பா? அவனா வர மாட்டேங்கிறான். அவனுக்குப் பதிலா நானே காலை வெச்சுட்டேன். ஃபாதருக்கு போன் போடு."

காலைக் கழுவித் துடைத்து, விரலிடுக்கில் ஈரம் இல்லாமல் பார்த்துக் கட்டுப் போட்டேன். பிறகு ஃபாதருக்குப் போன் செய்து, சாம்பலில் பாதம் பதிந்திருக்கிறது, ரூரிக்குப் பூசை வைக்க ஓனா சம்மதித்துவிட்டாள் என்றேன். அடையாளம் தெரிந்ததா என்று ஃபாதர் கேட்டார். தெரிந்தது என்றேன்.

மறுநாள் ஆத்துமாக்கள் பூசையில் ரூரியின் பெயரை வாசித்தார். ஓனா நிற்க வேண்டிய இடத்தில் நின்றாள், உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்தாள். வெளியே வந்ததும், மழை வரும்போல இருக்கிறது, சீக்கிரம் நட என்றாள்.