பார்க்கலாம், தொடக் கூடாது

1991-இல் நான் ஸ்ரீபெரும்புதூரில் வரைபடம் வரைகிற வேலையில் இருந்தேன். அப்படிச் சொல்லித்தான் எடுத்தார்கள். ஆனால் ஒரு கோடு போடக்கூட எனக்கு உரிமை கிடையாது.

ஒரகடம் பக்கம் தொழிற்சாலைகளுக்கு நிலம் எடுக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்த சமயம் அது. கிராமங்களின் பழைய நில அளவைப் படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுக்கும் வேலையை ஒரு சின்ன கம்பெனி எடுத்திருந்தது. பெயிண்ட் கடை மாடியில் இரண்டே அறைகள். ஒன்றில் ஏ.சி. போட்டு உள்ளே கம்ப்யூட்டரை வைத்திருந்தார்கள். செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் அதன் முன்னால் போய் நிற்க வேண்டும். மேனேஜர் சர்வே துறையில் முப்பது வருஷம் சங்கிலி போட்டு அளந்து ஓய்வு பெற்றவர். நான் குன்றத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவள், கம்ப்யூட்டர் டிப்ளமா முடித்தவள். மூன்றாவது ஆள் அட்டெண்டர், ஐம்பது வயசுக்காரர். மொத்த ஆபீஸும் இவ்வளவுதான்.

படம் போடும் சாஃப்ட்வேர் வெளிநாட்டுச் சரக்கு. அதனோடு தீப்பெட்டி அளவில் ஒரு பூட்டு வந்தது. அதைக் கம்ப்யூட்டரின் முதுகில் செருகினால்தான் சாஃப்ட்வேர் வாயே திறக்கும். கூடவே ஒரு லைசென்ஸ் காகிதம். மூன்று பேர் உள்ளே வரலாம், அதில் ஒருவர் வரையவும் திருத்தவும் செய்யலாம், மற்ற இருவரும் பார்க்க மட்டும் செய்யலாம் என்று அதில் இருந்தது. ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு பாஸ்வேர்டு.

மேனேஜர் அந்தக் காகிதத்தை இரண்டு நாள் படித்தார். மூன்றாம் நாள் உத்தரவு போட்டார். இருப்பதிலேயே பெரிய உரிமை திருத்தும் உரிமை, ஆகவே அது ஆபீஸிலேயே பெரியவருக்கு, அதாவது அவருக்கு. பார்க்கும் உரிமை ஒன்று எனக்கு, இன்னொன்று அட்டெண்டருக்கு.

"சார், வரையப் போறது நான்," என்றேன்.

"தாசில்தார் முத்திரையை கிளார்க் கையில குடுப்பாங்களாம்மா?"

"உங்களுக்கு மவுஸே பிடிக்க வராதே சார்."

"பிடிக்கிறது வேற, பொறுப்பு வேற," என்றார். எனக்கு ரத்தம் கொதித்தது. கொதித்து என்ன செய்ய, மாசம் பிறந்தால் சம்பளம் வேண்டுமே.

அதனால் எங்கள் வேலை இப்படி நடந்தது. காலையில் மேனேஜர் எங்கள் இருவரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திக்கொள்வார். பாஸ்வேர்டு பரம ரகசியம் என்று காகிதத்தில் போட்டிருந்ததாம். ஆனால் சர்வேக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. சங்கிலி பிடிக்கிறவர் அளவை உரக்கச் சொல்வார், எழுதுகிறவர் அதை உரக்கத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் எழுதுவார். வாய்விட்டுச் சொல்லாத எண் அவர்களுக்கு எண்ணே இல்லை. எங்கள் மேனேஜரும் ஒற்றை விரலால் ஒவ்வொரு எண்ணாகத் தேடி, "ஏழு... ஏழு. நாலு... நாலு" என்று தானே சொல்லித் தானே திருப்பிச் சொல்லித் தட்டுவார். எட்டு எண்களும் கதவைத் தாண்டி, மாடிப்படியைத் தாண்டி, பெயிண்ட் கடை வரை கேட்கும். பிறகு கதவைத் திறந்து, "வாம்மா, உக்காரு," என்பார். நான் உட்கார்ந்து அவர் பெயரில் கோடு போடுவேன். அவர் பாத்ரூம் போனால் மூடிவிட்டுப் போவார். திரும்பி வந்ததும் மறுபடி ஏழு, ஏழு.

ஒரு மாசத்தில் அந்த எண் எனக்கு மனப்பாடம். ஆனால் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளப் பயம். கம்ப்யூட்டர் திறந்த நேரம், மூடிய நேரம் எல்லாவற்றையும் அவர் ஒரு நோட்டில் வேறு எழுதி வந்தார்.

பார்க்கும் உரிமையை முழுசாக அனுபவித்தவர் அட்டெண்டர்தான். மத்தியானம் மேனேஜர் மேஜையில் தலை சாய்த்ததும் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து, தன் பெயரில் திறந்து, தன் ஊரை அரைமணி நேரம் பார்ப்பார். போகப் போக மற்றவர்களுக்கும் காட்ட ஆரம்பித்தார். அப்படித்தான் ஒரு நாள் எங்களுக்கு டீ கொண்டுவரும் அக்காவைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். அக்காவுக்கு எதிரில் டீக்கடை. ஒரகடம் போகிற வழியில், ஒரு ஏரியை ஒட்டிச் சொந்தமாகக் கொஞ்சம் நிலமும் அதில் ஒரு வீடும் இருந்தன.

"எங்க வூடு எங்கண்ணா கீது?"

சர்வே எண்ணைக் கேட்டுத் தேடி, திரையில் விரலை வைத்தார் அட்டெண்டர். அந்த இடம் முழுக்க நீலமாக இருந்தது.

"இன்னாண்ணா, ஏரிக்குள்ள கீது?" என்றாள் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பினாள். "எங்கையில பட்டா கீதும்மா. இத்தப் பாத்தா ஏரி எடம், காலி பண்ணுன்னு சொல்லிட மாட்டாங்க?"

அப்படித்தான் சொல்வார்கள். பட்டா நிலத்துக்கு நஷ்டஈடு உண்டு, ஏரிக்கு யாருக்கு என்ன கொடுப்பார்கள்?

"கம்ப்யூட்டர்ல எப்படியோ அப்படி விழுந்திருக்குக்கா," என்றேன்.

கம்ப்யூட்டரில் எதுவும் தானாக விழாது. பழைய படம் மடிப்பில் கிழிந்திருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிற அவசரத்தில் ஏரியின் கரைக் கோட்டை ஒரு மனை தள்ளி இழுத்தவள் நான்.

"அப்ப இப்பவே மாத்து."

"எனக்குப் பார்க்க மட்டும்தான்க்கா உரிமை."

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "காலையிலேர்ந்து நீதான குந்திக்கினு கோடு போட்ற?" என்றாள்.

மேனேஜர் எழுந்ததும் ஓடிப்போய்ச் சொன்னேன். அந்தக் கிராமத்துப் படம் முடிந்து மூடியாகிவிட்டது, திறக்க வேண்டுமென்றால் மனு வேண்டும் என்றார். எழுதிக் கொடுத்தேன். வாங்கி, வரிசை எண் போட்டு, 'தக்க நடவடிக்கைக்கு அனுப்பப்படுகிறது' என்று கையெழுத்திட்டு, மேஜையின் இடது பக்கத்திலிருந்து வலது பக்கத்துக்கு அனுப்பினார். மறுநாள் வலது பக்கத்திலிருந்து அதை எடுத்து, "இது எப்பம்மா வந்தது?" என்று என்னையே கேட்டார். ஆயுத பூஜை முடியட்டும், லீவுக்கு அடுத்த நாள் காலையில் முதல் வேலை இதுதான் என்று முடிவானது. அதே நாள் மத்தியானம் நிலமெடுப்பு ஆபீஸிலிருந்து அதிகாரி வந்து படங்களை வாங்கிப் போவதாக இருந்தது.

ஆயுத பூஜையை மேனேஜர் பிரமாதமாகச் செய்தார். கம்ப்யூட்டருக்கு மாலை, பிரிண்டருக்குப் பொட்டு. இந்தப் பூட்டு இல்லாவிட்டால் எதுவுமே நடக்காது, ஆகவே உண்மையான ஆயுதம் இதுதான் என்று அதைக் கழற்றித் தட்டில் வைத்தார். முன்னும் பின்னும் சந்தனத்தைக் கெட்டியாக அப்பிக் குங்குமம் வைத்தார். கம்ப்யூட்டரில் செருகும் கம்பிகள் இருக்கும் பக்கத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகவே அப்பினார்.

லீவு முடிந்து வந்து செருகினால், பூட்டு இல்லை என்றது சாஃப்ட்வேர். சந்தனம் காய்ந்து சிமெண்ட்டாகியிருந்தது. அட்டெண்டரும் நானும் டூத் பிரஷ்ஷையும் ஸ்பிரிட்டையும் வைத்துக்கொண்டு மத்தியானம் வரை ஒவ்வொரு கம்பியாகத் தேய்த்தோம். மேனேஜர் பக்கத்தில் நின்று, "மெதுவா, மெதுவா, லைசென்ஸ் அழிஞ்சிடப் போவுது," என்றார். சாஃப்ட்வேர் வாய் திறந்து பாஸ்வேர்டு கேட்கவும் அதிகாரி படியேறி வரவும் சரியாக இருந்தது.

"சார், கொஞ்சம் வெளியே இருங்க. பாஸ்வேர்டு போடணும்," என்றார் மேனேஜர்.

"நான் கவர்மெண்ட்டுய்யா. என்னையே வெளிய போகச் சொல்றியா?" அதிகாரி ஏ.சி.க்கு நேராக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

வெளியாள் எதிரில் எண்களை உரக்கச் சொல்ல முடியாது. மேனேஜர் வாயை இறுக்கி மூடிக்கொண்டு தட்டினார். தப்பு. வாய் அசையாவிட்டால் அவர் விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. மறுபடி தட்டினார், மறுபடி தப்பு. இன்னொரு முறை தவறினால், மெட்ராஸிலிருந்து கம்பெனி ஆள் வந்துதான் திறக்க வேண்டும் என்று திரையில் வந்தது. அவர் நெற்றி வியர்த்துவிட்டது. அதிகாரிக்கு டீ கொண்டுவந்த அக்கா கதவருகில் நின்றபடி, ஃப்ளாஸ்க்கைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேனேஜர் எழுந்தார். "நீ போடும்மா."

"எனக்கு எப்படி சார் தெரியும்?"

"நாலு மாசமா கத்திக்கிட்டு இருக்கேன். தெரியாம இருக்குமா?"

"எனக்கே தெரியும்," என்றாள் அக்கா.

உட்கார்ந்தேன், தட்டினேன், திறந்தது. கரைக்கோட்டை ஒரு மனை இந்தப் பக்கம் நகர்த்தினேன். நீலம் விலகி அக்காவின் நிலம் வெளியே வந்தது. பழைய கோட்டை யார் போட்டது, புதுக் கோட்டை யார் போட்டது என்று அந்த சாஃப்ட்வேர் கீழே எழுதிக் காட்டும். அதிகாரி குனிந்து படித்தார்.

"பட்டா நிலத்தை ஏரியில சேர்த்தது யாரு?"

திரையில் இருந்தது மேனேஜரின் பெயர். நான் நாலு மாசமாக இழுத்த எல்லாக் கோட்டிலும் இருந்த அதே பெயர். அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். நான் கீபோர்டைப் பார்த்தேன்.

"நான்தான் சார்," என்றார்.

முப்பது வருஷ சர்வீஸில் இதைத்தான் கற்றுக்கொண்டாயா என்று அதிகாரி ஆரம்பித்தார். அவர் முடித்த இடத்தில் அக்கா தொடங்கினாள். "ஏன் சார், கண்ணாடி போட்டுக்கினு கீறீங்களே, அது இன்னாத்துக்கு? கொஞ்சம் பாத்து போடக் கூடாதா?"

"தப்புதாம்மா. இனிமே பாத்துப் போடறேன்," என்றார் அவர்.

நான் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அடுத்த ஒரு வாரம் அக்கா மேனேஜருக்கு அரை கிளாஸ் டீதான் ஊற்றினாள். எனக்கு முழு கிளாஸ் ஊற்றி, "நீ இல்லன்னா எங்க வூடு போயிருக்கும்மா," என்று தினமும் ஒரு பொறை பிஸ்கட்டும் கொடுத்தாள். மேனேஜர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதை டீயில் தோய்த்துத் தின்றேன்.