கல் ரோடும் காபட்டும் என் ஆட்டோவும்

தோட்டத்து ரோட்டில் ஆட்டோ ஓட்டுகிறவனுக்கு முதுகெலும்பும் ஓர் உதிரிப்பாகம்தான். என்ன, கடையில் கிடைக்காது. பொகவந்தலாவையிலிருந்து எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு ஏறும் ரோடு வெள்ளைக்காரன் காலத்தில் கல் பாவியது. அப்படி ஒரு ரோட்டில் போய்ப் பல் ஆடியவர்கள் யாராவது இதைப் படித்தால், நீங்களும் நானும் சொந்தக்காரர்கள்.

கடைசி ஏற்றம்

தொழிலாளர் குடியிருக்கும் மேல் டிவிஷன் லயங்களுக்குப் போகும் கடைசி ஏற்றத்தில், பின்னால் பாரம் இருந்தால் ஆட்டோவின் முன் சக்கரம் தூக்கிக்கொள்ளும். அதனால் வளைவில் எல்லோரையும் இறக்கிவிட்டு, வெறும் வண்டியை மேலே கொண்டுபோய்க் காத்திருப்பேன். மழை நாளில் அந்தப் பக்கமே போக மாட்டேன். கல்லெல்லாம் பாசி.

ஒரு நாள் கொழுந்து பறிக்கும் செல்வராணி அக்கா அரிசி மூட்டையோடு ஏறினார். வளைவில் அக்காவையும் இறக்கினேன், மூட்டையையும் இறக்கினேன். மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு அவர் மூச்சு வாங்க மேலே வந்தபோது, நான் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தேன். அக்கா கேட்டார்: "ஏன் தம்பி, நான் ஆட்டோவுல வந்தேனா, ஆட்டோவைக் கூட்டிக்கிட்டு வந்தேனா?"

அழகான ரோடு

மேலே பழைய துரை பங்களா இப்போது ஹோட்டல். அதன் மேனேஜருக்குக் கல் ரோடு என்றால் உயிர். விருந்தாளிகள் ஒவ்வொரு கல்லையும் படம் பிடிக்கிறார்களாம். ஒரு வெள்ளைக்கார அம்மாவை ஏற்றிக்கொண்டு, மேனேஜரையும் பக்கத்தில் உட்காரவைத்துப் புறப்பட்டேன். மூன்றாவது வளைவில் அந்த அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொன்னார். மேனேஜர் முகம் மாறாமல் தமிழில் சொன்னார்: "ரோடு ரொம்ப அழகா இருக்காம். நடந்தே வர்றாங்களாம்."

கையெழுத்து

முதுகு வலி தாங்காமல் நானே லயம் லயமாக ஏறி இறங்கி, காபட் ரோடு, அதாவது வழுவழுப்பான தார் ரோடு, கேட்டுக் கையெழுத்து வாங்கினேன். மனு கொடுத்த பிறகு, கடைசி ஏற்றத்து வளைவு வரைக்கும் கறுகறுவென்று காபட் போட்டார்கள். வண்டி சத்தமில்லாமல் போனது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்த வாரம் அதே ரோட்டில் பஸ் வந்தது. இது என் மரமண்டைக்கு முன்பே தோன்றவில்லை. என் வண்டியைத் தாண்டிப் போய்ப் பஸ்ஸில் ஏறிய ஒரு பெரியவர் படியில் நின்று கும்பிட்டார்: "உங்க புண்ணியம் தம்பி. இனி ஆட்டோவே தேவையில்ல!"

கூட்டம்

மிச்சமிருந்தது பஸ் ஏறாத அந்தக் கடைசி ஏற்றம். என் பிழைப்பும் அதுதான். அங்கும் காபட் போடுவதா, கல்லை அப்படியே காப்பாற்றுவதா என்று கோயிலடியில் கூட்டம். மேனேஜர் காப்பாற்ற வேண்டும் என்றார். வெட்கமில்லாமல் நானும் எழுந்து, நம் முன்னோர்கள் உடைத்துப் பதித்த கல், அவர்களின் வியர்வை என்று குரல் தழுதழுக்கப் பேசினேன். இரண்டு பேர் கைகூடத் தட்டினார்கள்.

செல்வராணி அக்கா எழுந்தார். "போன மழைக்கு எங்க மாமியார் கால் ஒடிஞ்சு கிடந்தாங்க. தம்பிக்குப் போன் போட்டேன், மழையில வர மாட்டேன்னுட்டாரு. கம்பளியில கட்டி, நாலு பேரு தூக்கிக்கிட்டு இறங்கினோம். கல்லைக் காப்பாத்துங்க தம்பி, வேணாங்கல. எங்கள யாரு காப்பாத்துறது?"

காபட்டுக்குக் கை தூக்கச் சொன்னபோது நானும் தூக்கினேன். மனச்சாட்சி உறுத்தியதால்தான் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்கிறேன், ஆனால் உண்மையில் அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.